எல்லையைத் தாண்டாத பணம்

பணம் பத்தும் செய்யும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அதனை முதலிற் சொன்னவர் எவராயினும், தமது அரசின் ஆணை செல்லும் எல்லைக்குள்ளேயே வாழ்ந்து முடித்தவராக இருந்திருத்தல் வேண்டும். போருக்கு அஞ்சி எல்லையைக் கடந்து, அயல்நாட்டுப் புகையிரத நிலையமொன்றிலே பிள்ளைகளுடன் வந்திறங்கும் தாயொருத்தியின் கைப்பையிலுள்ள பணம் பத்தையும் செய்வதில்லை, ஒன்றைத்தானும் செய்வதில்லை. நேற்றுவரை ஒரு மாதச் சம்பளமாக இருந்த தாள்கள், இன்று ஒரு இறாத்தல் பாணுக்கும் உதவாத காகிதமாகி விடுகின்றன. அவளுடைய உழைப்பு மாறவில்லை, தாளும் மாறவில்லை, அவள் நிற்கும் மண் மட்டுமே மாறியிருக்கின்றது.

அகதிகளின் வரலாற்றை எழுதுவோர் எரிந்த வீடுகளையும் நடந்த தூரங்களையும் முகாம்களையும் பற்றி எழுதுகின்றனர். அகதி தன்னுடன் கொண்டுசென்ற பணத்துக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சிறியதாகத் தோன்றும் இவ்வினாவினூடாக அரசு, நாணயம், உழைப்பு ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு துலக்கமாகத் தெரிகின்றது. 1947 ஆம் ஆண்டு முதல் நம் காலம் வரை நிகழ்ந்த சிலவற்றைக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாணயமாற்று நடைபெறும் முறையை விளங்கிக்கொள்ளல் அவசியம். நாணயத்தாள் என்பது ஓர் அரசின் உறுதிமொழி. அவ்வரசின் எல்லைக்குள் அதனை எவரும் மறுக்க இயலாது. எல்லைக்கு வெளியே அதனை ஏற்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தவும் இயலாது. வெளிநாட்டு வங்கியொன்று அத்தாளை வாங்குமாயின் அதற்குக் காரணம் ஒன்றே: அதனை மீண்டும் விற்கலாம் என்ற நம்பிக்கை. அந்நாட்டுக்குப் பயணம் செல்வோருக்கு விற்கலாம். அல்லது தாளை வெளியிட்ட நாட்டுக்கே திருப்பி அனுப்பி டொலராகவோ பிற நாணயமாகவோ பெற்றுக்கொள்ளலாம். போர் மூண்டதும் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுகின்றது. பயணிகள் செல்வதில்லை. தாள்களைக் கொண்டுசெல்லும் வழிகள் அடைபடுகின்றன. போரிலுள்ள அரசு தன் அந்நியச் செலாவணியை ஆயுதத்துக்கும் உணவுக்கும் மருந்துக்கும் ஒதுக்கிவைக்கின்றது. நாளை அந்நாணயத்தின் பெறுமதி என்னவாகும் என்பதை எவராலும் கூற இயலாது.

இந்நிலையில், வங்கியின் கருமபீடத்தில் இருப்பவர் தாளைப் பார்த்துத் தலையை அசைத்து மறுப்பாராயின் அவர் கொடியவர் என்று நாம் முடிவுசெய்தல் கூடாது. அவர் வணிகத்தின் விதிப்படி நடக்கின்றார். இலாபம் எதிர்பார்க்க இயலாத இடத்தில் வணிகம் நடைபெறாது. எனவே, அகதியின் பணத்தை மாற்றிக் கொடுத்தல் என்னும் பிரச்சினை, தொழில்நுட்பப் பிரச்சினையுமன்று, இரக்கத்தைப் பொறுத்த பிரச்சினையுமன்று. வரக்கூடிய நட்டத்தை யார் தாங்குவது என்பதே அதன் கரு. வணிகம் தாங்காது, அகதியால் தாங்க இயலாது, எஞ்சியிருப்பது அரசு மட்டுமே. அரசு தாங்க முன்வந்த வேளைகளில் இப்பிரச்சினை சில வாரங்களிலேயே தீர்ந்திருக்கின்றது. முன்வராத வேளைகளில் எல்லையோரத் தரகன் அதனைத் தன் முறையில் தீர்த்திருக்கின்றான்.

நமது துணைக்கண்டத்தின் பிரிவினையிலிருந்து தொடங்குவோம். 1947 ஓகஸ்ட் மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் தனித்தனி அரசுகளாயின. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இரு திசைகளிலும் எல்லையைக் கடந்தனர். நிலமும் வீடும் கடையும் கால்நடையும் பறிபோயின; எண்ணற்றோர் உயிரையும் இழந்தனர். ஆயினும் அப்பேரழிவின் நடுவே ஒரு பொருள் மட்டும் எல்லையின் இருபுறமும் ஒரே பெறுமதியுடன் இருந்தது. அதுவே ரூபாய்த் தாள். பிரிவினையின்போது செய்துகொள்ளப்பட்ட ஏற்பாட்டின்படி இந்திய ரிசேர்வ் வங்கியே சிறிது காலம் இரு நாடுகளுக்கும் பொதுவான நாணய அதிகாரியாக விளங்கியது. 1948 ஏப்ரல் மாதத்திலிருந்து பாகிஸ்தான் அரசின் பெயர் மேலே பொறிக்கப்பட்ட தாள்கள் வெளிவந்தன. 1948 ஜூலை 1 ஆந் திகதி பாகிஸ்தானின் அரச வங்கி திறக்கப்பட்டது. எனினும் இந்தியத் தாள்கள் 1948 செப்ரெம்பர் 30 ஆந் திகதி வரை பாகிஸ்தானில் சட்டப்படி செல்லுபடியாயின.

இது அகதிகளின் மேல் கொண்ட பரிவினாற் செய்யப்பட்ட ஏற்பாடன்று. புதிய அரசுக்குச் சொந்த நாணயம் அச்சிடக் கால அவகாசம் வேண்டியிருந்தது; நிர்வாக வசதிக்காகவே அது செய்யப்பட்டது. அதே காலத்தில் இரு அரசுகளும் பணத்துக்காகக் கடுமையாகப் பிணங்கின என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பாகிஸ்தானுக்குச் சேரவேண்டிய 75 கோடி ரூபாயில் 20 கோடி கொடுக்கப்பட்டிருந்தது. காஷ்மீரப் போரைக் காரணங்காட்டி எஞ்சிய 55 கோடியை இந்திய அரசு நிறுத்திவைத்தது. 1948 ஜனவரி 13 ஆந் திகதி காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். இரு தினங்களின் பின்னர் அப்பணத்தைக் கொடுக்க அரசு இசைந்தது. அரசுகள் கோடிகளுக்காகப் போராடிய அம்மாதங்களில், லாகூரை விட்டு ஓடிவந்த கடைக்காரரின் மடியிலிருந்த பத்து ரூபாய் அமிர்தசரசில் பத்து ரூபாயாகவே இருந்தது. மடியில் ஏதேனும் எஞ்சியிருந்தால், அது செல்லுபடியாயிற்று. இரு அரசுகள் இணங்கினால் எல்லையைப் பணம் தாண்டும் என்பதற்கு, எவரும் எண்ணிச் செய்யாத சான்றாக இது விளங்குகின்றது.

அந்த இணக்கம் நீடிக்கவில்லை. 1949 செப்ரெம்பரில் பிரித்தானியா பவுணின் பெறுமதியைக் குறைத்தது. இந்தியாவும் அதனைப் பின்பற்றித் தன் ரூபாயின் பெறுமதியைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. இதனால் நூறு பாகிஸ்தான் ரூபாய் 144 இந்திய ரூபாய்க்குச் சமமாயிற்று. அவ்வீதத்தை இந்தியா 1951 பெப்ரவரி வரை ஏற்கவில்லை. இரு நாட்டு வணிகமும் பெரும்பாலும் முடங்கியது. இப்பிணக்கின் நடுவிலேதான் 1950 இன் தொடக்கத்தில் இரு வங்காளங்களிலும் கலவரம் மூண்டது. மீண்டும் மக்கள் இடம்பெயர்ந்தனர்.

1950 ஏப்ரல் 8 ஆந் திகதி நேருவும் லியாகத் அலிகானும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை சிறுபான்மையோரின் உரிமைகளைப் பற்றியது என்றே பொதுவாக நினைவுகூரப்படுகின்றது. அதிலே பணத்தைப் பற்றிய பிரிவும் உண்டு. இடம்பெயரும் வயதுவந்தோர் ஒருவர் 150 ரூபாய் வரையும் பிள்ளையொன்று 75 ரூபாய் வரையும் தம்முடன் கொண்டுசெல்லலாம் என்று அப்பிரிவு கூறியது. தம்முடன் கொண்டுசெல்ல விரும்பாத நகையையும் பணத்தையும் வங்கியில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறலாம் என்றும், அவற்றைப் பின்னர் உரியவரிடம் சேர்ப்பிக்க வசதி செய்யப்படும் என்றும், பணத்தைப் பொறுத்தவரை நாணயமாற்று விதிகளுக்கு அது உட்படும் என்றும் அது மேலும் கூறியது.

அந்த 150 ரூபாய் அகதிக்கு அளிக்கப்பட்ட உரிமையா, அன்றி அவர்மேல் இடப்பட்ட தடையா? இரண்டும் எனலே பொருந்தும். சுங்க அதிகாரி 150 ரூபாய் வரை கைவைத்தல் கூடாது என்ற வகையில் அது காப்பு. அதற்கு மேற்பட்டது உன்னுடையதாயினும் உன்னுடன் வாராது என்ற வகையில் அது விலங்கு. எனினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். அகதியைத் தலைக்கு இத்தனை பேர் என எண்ணுவதோடு நில்லாது, அவரிடம் பணம் இருக்கும், அது அவருடையது என்று இரு அரசுகள் எழுத்திலே ஒப்புக்கொண்டன. பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு என எழுதினர். எழுபது ஆண்டுகளின் பின்னர் ஐரோப்பாவிற் செய்யப்பட்ட ஏற்பாடுகளிற் சில இந்த அளவுக்குக்கூட வரவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

அரசு அகதியின் பணத்தைக் காப்பதற்கு இசைந்த கதை இது. அரசே அப்பணத்தைக் கொன்ற கதைகளும் உள. 1967 இல் நைஜீரியாவிலிருந்து பயாபிரா பிரிந்துசென்று போர் மூண்டது. 1968 ஜனவரியில் நைஜீரிய அரசு தன் நாணயத்தாள்களை மாற்றியது. புதிய தாள்கள் அரசின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் மட்டுமே கிடைத்தன. முற்றுகைக்குள் இருந்த மக்களின் கையிலிருந்த தாள்கள் குண்டு எதுவும் விழாமலே அழிந்தன. பயாபிரா அதே மாதத்தில் தன் சொந்தத் தாளை வெளியிட்டது. 1970 ஜனவரியில் பயாபிரா சரணடைந்ததும் அத்தாளும் பெறுமதியற்றதாயிற்று. போருக்கு முன் வங்கியில் எவ்வளவு வைத்திருந்தவராயினும், தோற்ற பகுதியைச் சேர்ந்தவருக்கு இருபது பவுணே கொடுக்கப்பட்டது. போரில் உயிர் தப்பியோர் சமாதானத்தில் தம் வாழ்நாட் சேமிப்பை இழந்தனர்.

மூன்று ஆண்டுகளின் பின்னர் இதே உபாயம் வங்காளத்திற் கையாளப்பட்டது. 1971 மார்ச் 25 ஆந் திகதி இரவு கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவினுள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களிற் பலரிடம் பாகிஸ்தான் ரூபாய் இருந்தது. 1971 ஜூன் மாதத்தில் பாகிஸ்தானின் இராணுவ அரசு 500 ரூபாய், 100 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவித்தது. கிழக்கில் வங்கிகளிலிருந்தும் திறைசேரிகளிலிருந்தும் கிளர்ச்சியாளர் எடுத்துச்சென்ற பணம் பயன்படாது செய்வதற்கே இந்நடவடிக்கை எனக் காரணங் கூறப்பட்டது. உள்நாட்டில் இருந்தோர் வங்கி வாசலில் வரிசையில் நின்று தம் தாள்களை ஒப்படைக்கலாம். மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் முகாம்களிற் கிடந்தோர் எந்த வாசலில் நிற்பது? எந்தத் துப்பாக்கிக்கு அஞ்சி ஓடிவந்தனரோ அதன் முன்னிலைக்கே திரும்பிச் சென்றாலன்றித் தம் பணத்தை மீட்க இயலாது. கிளர்ச்சியாளரைக் குறிவைத்த ஆணை, நெல்லை விற்று நூறு ரூபாய்த் தாளொன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த உழவர் குடும்பத்தையும் ஒருங்கே தண்டித்தது.

இவை யாவும் கடந்துபோன நூற்றாண்டின் கொடுமைகள் எனக் கருதுவோர் சூடானை நோக்குதல் வேண்டும். 2023 ஏப்ரலில் அங்கு இரு ஆயுதப் படைகளுக்கு இடையே போர் மூண்டது. 2024 இன் இறுதியில் சூடானின் மத்திய வங்கி 500 பவுண், 1000 பவுண் பழைய தாள்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. இராணுவத்தின் கட்டுப்பாட்டிலிருந்த மாநிலங்களில் மட்டுமே அந்த மாற்றம் நடைபெற்றது. எதிர்த்தரப்பின் பிடியிற் சிக்கியிருந்தோருக்கும், சாட் முதலிய அயல்நாடுகளுக்கு ஓடியோருக்கும் அது எட்டவில்லை. 1968, 1971, 2024 என ஆண்டுகள் மாறியுள்ளன, உபாயம் மாறவில்லை.

இனி, மேலே கூறியவற்றுக்கு மாறானதொரு நிகழ்ச்சியை விரிவாக நோக்குவோம். 2022 பெப்ரவரி 24 ஆந் திகதி ரஷ்யப் படைகள் உக்ரேன்மீது படையெடுத்தன. அன்றைய தினமே உக்ரேனின் தேசிய வங்கி சில அவசர விதிகளை விதித்தது. அந்நியச் செலாவணிச் சந்தை நிறுத்தப்பட்டது. ஒரு டொலருக்கு 29.25 ஹிரிவ்னியா என்ற அளவில் நாணயமாற்று வீதம் நிலைநிறுத்தப்பட்டது. வங்கிக் கணக்கிலிருந்து அந்நிய நாணயத்தைக் காசாக எடுப்பது தடுக்கப்பட்டது. நாட்டின் செலாவணி இருப்பைக் காப்பதற்கு இவை இன்றியமையாதன. ஆயின் இவ்விதிகளின் விளைவாக, நாட்டை விட்டு ஓடியோரின் கையில் ஹிரிவ்னியாத் தாள்கள் மட்டுமே எஞ்சின.

மார்ச் மாத இறுதிக்குள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் உக்ரேனை விட்டு வெளியேறினர். 18 வயது முதல் 60 வயது வரையான ஆண்கள் வெளியேறுதல் தடைசெய்யப்பட்டிருந்தமையால் வந்தோருட் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும் முதியோருமாவர். வங்கி அட்டை உடையோர் அதனைக் கொண்டு ஓரளவு சமாளித்தனர். அட்டை இல்லாத கிராமத்து முதியோரும், சேமிப்பை வீட்டிலே தாளாக வைத்திருந்தோருமே பெரிதும் இடருற்றனர். எல்லையோர நாணயமாற்று நிலையங்கள் சில ஹிரிவ்னியாவை முற்றாக மறுத்தன. சில மிகக் குறைந்த விலைக்கு வாங்கின. வங்கிகளும் ஏற்க முன்வரவில்லை. மேலே நாம் விளக்கிய சங்கிலி அறுந்துபோனமையே இதற்குக் காரணம்.

முதலிற் செயற்பட்ட நாடுகளுட் போலந்து குறிப்பிடத்தக்கது. 2022 மார்ச் 18 ஆந் திகதி போலந்தின் மத்திய வங்கியும் உக்ரேனின் தேசிய வங்கியும் ஓர் உடன்படிக்கை செய்தன. மார்ச் 25 முதல் போலந்தின் பெரிய வங்கியொன்றின் கிளைகளில் ஹிரிவ்னியா மாற்றப்பட்டது. வயதுவந்தோர் ஒருவர் 10,000 ஹிரிவ்னியா வரை மாற்றலாம். முழுத் தொகைக்கும் 1,000 கோடி ஹிரிவ்னியா என எல்லை வகுக்கப்பட்டது. வங்கி தன் சொந்தப் பொறுப்பில் இதனைச் செய்யவில்லை. அதன் பின்னால் மத்திய வங்கி நின்றது. அறுந்த கண்ணியின் இடத்தில் அரசு தன் கையை வைத்தது என்று இதனைக் கூறலாம்.

ஏப்ரல் 19 ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர் அவை உறுப்பு நாடுகளுக்கு ஒரு பரிந்துரை வழங்கியது. உக்ரேனிலிருந்து வந்து தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற ஒருவர் 10,000 ஹிரிவ்னியா வரை மாற்ற இடமளிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் அறவிடக் கூடாது. உக்ரேனின் தேசிய வங்கி அறிவிக்கும் வீதத்திலேயே மாற்ற வேண்டும். ஏற்பாடு குறைந்தது மூன்று மாதங்களாவது நடைமுறையில் இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். ஜேர்மனியில் மே 24 ஆந் திகதி தொடங்கிய ஏற்பாட்டுக்கு 150 கோடி ஹிரிவ்னியா மொத்த எல்லையாயிற்று. ஜூன் மாதத்தில் சுவிற்சலாந்தின் பெருவங்கிகளும் மாற்றத் தொடங்கின.

இதனை நாம் மனமுவந்து பாராட்டுதல் வேண்டும். கருமபீடத்தில் உள்ளவர் தலையை அசைத்து மறுத்த அதே தாளை, அதே கருமபீடத்தில், சில வாரங்களின் பின்னர் எண்ணி வாங்கிக்கொண்டு உள்நாட்டுப் பணம் கொடுத்தார். தாளில் எந்த மாற்றமும் நிகழவில்லை. அரசியல் முடிவு ஒன்று நிகழ்ந்தது. அதுவே வேறுபாடு.

பாராட்டும் அதேவேளையில் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 29.25 என்ற வீதத்தில் 10,000 ஹிரிவ்னியா ஏறக்குறைய 342 டொலர். மேற்கு ஐரோப்பிய நகரமொன்றில் ஒரு குடும்பம் சில வாரங்கள் உண்பதற்கு அது போதுமாகலாம். வீட்டு வாடகைக்குப் போதாது. போலந்தின் மொத்த எல்லையைத் தலைக்கு 10,000 வீதம் பிரித்தால் பத்து இலட்சம் பேருக்கு வரும்; ஜேர்மனியின் எல்லையோ ஒன்றரை இலட்சம் பேருக்கே வரும். போலந்திலும் ஜேர்மனியிலும் வயதுவந்தோருக்கு மட்டுமே இவ்வுரிமை இருந்தது. மூன்று பிள்ளைகளுடன் தனியே வந்த தாயும், தனி ஆளாக வந்தவரும் ஒரே தொகையையே மாற்றலாம். 1950 இல் பிள்ளைக்கு 75 ரூபாய் என எழுதியோரின் நினைவு இங்கே நமக்கு வருவது இயல்பு.

காலமும் ஒரு குறைபாடாகும். போர் தொடங்கிய நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிந்துரை வரை எட்டு வாரங்கள். ஜேர்மனியில் முதல் தாள் மாற்றப்படும் வரை மூன்று மாதங்கள். அகதிக்குப் பணம் மிக அவசரமாகத் தேவைப்படுவது முதல் மூன்று நாட்களில். அந்நாட்களில் விற்க நேர்ந்தோர் தரகனிடமே விற்றனர். காத்திருக்க வசதியுடையோர் நல்ல வீதம் பெற்றனர். காத்திருக்க இயலாத வறியோர் நட்டமடைந்தனர். அகதிகளுக்குள்ளும் வர்க்கம் உண்டு என்ற உண்மை இங்கும் வெளிப்படுகின்றது. 2022 ஜூலை 21 ஆந் திகதி உக்ரேனின் தேசிய வங்கி வீதத்தை 36.57 ஆக மாற்றியது. அதன்பின் அதே 10,000 ஹிரிவ்னியா 273 டொலராகச் சுருங்கியது. உரிய பத்திரம் கிடைக்கத் தாமதமானோர், எவ்விதக் குற்றமும் செய்யாமலே, ஏறக்குறைய எழுபது டொலரை இழந்தனர்.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு எதிராகச் சில தடைகள் வழக்கமாகக் கூறப்படும். கொள்ளைப் பணமும் கள்ளத் தாளும் உள்ளே வந்துவிடும் என்பது ஒன்று. போரிலுள்ள நாட்டின் செலாவணி இருப்பு வடிந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் புறக்கணிக்கத்தக்க வாதங்களல்ல. ஆயின் 2022 இன் ஏற்பாடே இரண்டுக்கும் விடை தருகின்றது. ஆளை அடையாளங் காண்பதும், மாற்றியதைப் பதிவுசெய்வதும், தலைக்கு ஒரு தொகையை வரையறுப்பதும் முதலாவது அச்சத்தைப் பெரும்பாலும் நீக்குகின்றன. தாளை வெளியிட்ட வங்கியும் ஏற்கும் வங்கியும் முன்கூட்டியே உடன்படிக்கை செய்வது இரண்டாவதை நீக்குகின்றது. கொள்ளைக்காரனுக்கு அஞ்சி ஒரு கோடி மக்களின் தாளைக் கொன்ற 1971 இன் வழிக்கு மாற்றுவழி உண்டு என்பது இதனால் நிறுவப்பட்டுவிட்டது.

நிறுவப்பட்ட வழி ஏன் எல்லோருக்கும் திறக்கப்படவில்லை என்பதே இனி நாம் கேட்கவேண்டிய வினா. உக்ரேனியருக்கு 2022 மார்ச் 4 ஆந் திகதி அளிக்கப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு, 2001 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரையொன்றை அடிப்படையாகக் கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது ஒருமுறையேனும் பயன்படுத்தப்படவில்லை. 2015 இல் சிரியாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஐரோப்பாவின் வாசலுக்கு வந்தபோதும் அது ஏட்டிலேயே உறங்கியது. போர் தொடங்கிய 2011 இல் ஒரு டொலருக்கு ஐம்பது வரையில் இருந்த சிரியப் பவுண், பின்னர் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தது. அதனை மாற்றிக் கொடுக்க ஐரோப்பாவில் எந்த அமைச்சர் அவையும் பரிந்துரை செய்யவில்லை. 2020 இன் நடுப்பகுதியில் வடமேற்குச் சிரியாவின் மக்கள் தம் நாணயத்தையே கைவிட்டுத் துருக்கிய லீராவைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஆப்கானிஸ்தானின் கதை வேறுவகையானது. 2021 ஓகஸ்டில் ஆட்சி மாறியதும் அந்நாட்டு மத்திய வங்கி அமெரிக்காவில் வைத்திருந்த ஏறக்குறைய 700 கோடி டொலர் முடக்கப்பட்டது. தாளுக்குப் பின்னால் நிற்கவேண்டிய இருப்பே பூட்டப்பட்டபின், ஆப்கானிய அகதியின் தாளை எவர் நம்புவர்?

உக்ரேனியருக்குக் கிடைத்தது மிகை என்று நாம் கூறவில்லை. அது போதாது என்பதையே மேலே காட்டினோம். ஒரு நாட்டு அகதிக்குக் கிடைத்ததைக் கண்டு மற்றொரு நாட்டு அகதி பொறாமைப்படுவதால் விளைவது ஏதுமில்லை. ஐரோப்பாவின் அரசியல் நலனும் அகதியின் நலனும் ஒன்றுபட்ட இடத்தில் கதவு திறந்தது. ஒன்றுபடாத இடங்களில் அது அடைத்தே கிடந்தது. ஏகாதிபத்திய உலகின் நாணய ஒழுங்கில் டொலர், யூரோ ஆகியவற்றை உடையவர் எங்கும் பணமுடையவர். ஏனையோர் எல்லைவரை மட்டுமே பணமுடையவர். இந்தப் படிமுறையின் அடித்தட்டில் நிற்பவர் அகதி.

இலங்கை வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. 1983 இன் பின்னர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தனர். வள்ளத்தில் ஏறுமுன் நம் பெண்கள் காசைப் பார்க்கிலும் காதணியையும் தாலிக்கொடியையுமே பெரிதாகக் காத்தனர். பொன்மேல் கொண்ட பேராசை என்று அதனை இகழ்வோர் உளர். தாள் எல்லையில் இறந்துவிடும், பொன் இறவாது என்ற வரலாற்று அறிவே அது. ஆயினும் அவசரத்தில் பொன்னை விற்பவரும் தரகனின் விலைக்கே விற்கவேண்டும். அடைவுகடையின் தராசு அகதிக்கென்று இரக்கங் காட்டுவதில்லை.

உக்ரேனியர் தம் தாள்களுடன் போலந்தின் எல்லையில் நின்ற அதே 2022 மார்ச் மாதத்தில் நமது ரூபாயும் வீழ்ந்தது. மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாயை அண்மித்தது. மார்ச் 22 ஆந் திகதி வடபகுதியிலிருந்து பதினாறு பேர் கடலைக் கடந்து இராமேசுவரம் பகுதியில் கரையிறங்கினர். போரின்றியே, பசிக்கு அஞ்சிச் சென்றவர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கான சேமிப்பு சில வாரங்களிற் பாதியாகக் கரைந்ததை இந்நாட்டின் ஆசிரியரும் தொழிலாளரும் விவசாயிகளும் ஒருங்கே அனுபவித்தனர். தாள் என்பது அரசின் உறுதிமொழி மட்டுமே என்ற பாடத்தை நாம் நூலிற் கற்கவில்லை, சந்தையிற் கற்றோம்.

இறுதியாக ஒன்று. 342 டொலர் என்ன பெரிய தொகை, நிவாரணமாகவே கொடுத்துவிடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். நிவாரணம் வேண்டும்; அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நிவாரணப் பொட்டலத்துக்காக நீட்டப்படும் கைக்கும், தன் பணத்தை மாற்றிக்கொண்டு கடைக்குச் சென்று தன் பிள்ளைக்கு விருப்பமானதைத் தானே தெரிந்து வாங்கும் கைக்கும் வேறுபாடு உண்டு. பணம் என்பது உறைந்த உழைப்பு. ஆலையிலும் வயலிலும் வகுப்பறையிலும் ஒருவர் செலவிட்ட நாட்களே அத்தாளில் அடங்கியிருக்கின்றன. அதனை ஏற்க மறுக்கும் உலகம், உன் கடந்தகால உழைப்பு கணக்கில் இல்லை, இன்றிலிருந்து நீ இரவலன் என்றே அகதியிடம் கூறுகின்றது.

எனவே நாம் வேண்டுவன சிலவே. அகதியின் கையிலுள்ள பணத்தை ஒரு வரையறைக்குள், கட்டணமின்றி, நேர்மையான வீதத்தில் மாற்றிக் கொடுத்தல் அடைக்கலம் தரும் நாட்டின் கடமையாக எழுதப்படல் வேண்டும். போர் மூண்ட பின்னர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேரம் பேசாது, முதல் நாளே நடைமுறைக்கு வரும் பொதுவான சர்வதேச ஏற்பாடாக அது அமைதல் வேண்டும். பிள்ளைகளும் தலைகளாக எண்ணப்படல் வேண்டும். நட்டத்தை வறிய அயல்நாடுகளின் தலையில் மட்டும் சுமத்தாது, வலிய நாணயங்களை உடைய நாடுகள் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். போரிலே தாள்களைச் செல்லாதாக்கும் அரசு, எல்லைக்கு அப்பால் உள்ள தன் மக்களுக்கும் மாற்றுவதற்கு வழிசெய்யக் கடமைப்பட்டதாகல் வேண்டும்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாக் கனவுகள் என எவரேனும் கூறுவராயின், 1948 இல் லாகூரிலும் அமிர்தசரசிலும் ஒரே தாள் செல்லுபடியானதையும், 2022 இல் வார்சோவின் கருமபீடத்தில் ஹிரிவ்னியா எண்ணப்பட்டதையும் அவருக்கு நினைவூட்டுவோம். ஒருமுறை செய்யப்பட்டதை மறுமுறையும் செய்யலாம். ஒரு மக்களுக்குச் செய்யப்பட்டதை எல்லா மக்களுக்கும் செய்யலாம். அதனைக் கேட்டுப் பெறும் குரல் எழுவதே இனி வேண்டற்பாலது.